உன் கம்ப்யூட்டரைப் பிரித்துக் கட்டிய விதம்

கதிர்,

உன் கம்ப்யூட்டரை அனுப்பச் சொல்லி உன் அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது பக்கத்து குவார்ட்டர்ஸ் வரை கேட்கும் என்பது உனக்குத் தெரியும். "அப்பாகிட்ட சொல்லி பார்ட் பார்ட்டா பிரிச்சு அனுப்பச் சொல்லும்மா, கேபினெட் மட்டும் வேணாம், இங்க வாங்கிக்கிறேன்" என்று நீ சொன்னது தெளிவாகவே காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு வந்து, நீ சொன்னதை முதலிலிருந்து எனக்குச் சொன்னாள். நானும் அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். நீ புனேவுக்குப் போன நாளிலிருந்து நமக்குள் செய்தி போய்வருவது இந்த வழியில்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் குரலை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடம் நீ பேசவில்லை, உன்னிடம் நானும் பேசவில்லை.

என் கருத்தில் மாற்றம் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் வேலை செய்யும் சுரங்கக் கம்பெனியில் டிரெய்னி இன்டர்வியூவுக்கு உனக்கு அழைப்பு வந்தது. அந்த ஒரு தாளுக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் அப்பன்களை எனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்பவர்களில் கான்ட்ராக்டிலேயே தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். "பர்மனென்ட்" என்ற சொல்லை அவர்கள் சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருக்கும். நீ அன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனாய். சாயங்காலம் திரும்பி வந்து, இன்டர்வியூவுக்குப் போகவில்லை, புனேயில் அனிமேஷன் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்றாய். "நீ போ, கம்ப்யூட்டர் இங்கயே இருக்கும்" என்றேன். நீ என்னைப் பார்த்து, "சரிப்பா" என்றாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். உன் அம்மா கம்ப்யூட்டர்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மூடினாள். அதன்பின் அதை யாரும் தொடவில்லை.

இப்போது உன் பெயருக்கே தனியாக ஒரு வேலை வந்திருக்கிறது, வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் அதற்குப் போதவில்லை என்று உன் அம்மா சொன்னாள். அது நியாயமான தேவை. வேலைக்கு வேண்டிய கருவியைப் பிடித்து வைத்துக்கொள்வது என் தொழிலில் இல்லாத பழக்கம். அதனால் அனுப்புகிறேன். கோபம் தீர்ந்து அனுப்புவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதிரிப் பொருளைக் கட்டி அனுப்புவதில் என்னைவிடத் தெரிந்தவர் நெய்வேலியில் இருக்கிறாரா என்பது சந்தேகம். பெருமைக்காக இதை எழுதவில்லை. சுரங்கத்து இயந்திரங்களின் கன்ட்ரோல் கார்டுகள் பழுதாகும்போது அவற்றைப் பெங்களூருக்கு ரிப்பேருக்கு அனுப்புவார்கள். எங்கள் செக்‌ஷனில் அவற்றைக் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. தனசேகரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். புது சிஸ்டம் வந்தபோது அதைப் படித்துவர ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். தனசேகர் போனார். என் மார்க் என்ன, அவர் மார்க் என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்போது இருந்த அதிகாரிக்கு அவருடைய பேச்சு பிடித்திருந்தது, என்னுடைய பேச்சு பிடிக்கவில்லை. தனசேகர் திரும்பி வந்து அந்தக் கார்டுகளைப் பற்றிக் கிளாஸ் எடுத்தார். கார்டுகள் கெட்டபோது பையில் போட்டு ஃபோம் வெட்டி அனுப்பியது நான். நான் கட்டி அனுப்பியதில் ஒன்றுகூட வழியில் உடைந்ததாகப் புகார் வந்ததில்லை. உடையாமல் போய்ச் சேர்ந்ததற்காக யாரும் பாராட்டியதும் இல்லை. நல்ல பேக்கிங்கின் தலையெழுத்து அப்படி. பெட்டியைத் திறந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நம் வீட்டு லாஃப்டை நீ "அட்டப்பெட்டி மியூசியம்" என்பாய். உன் காலேஜ் நண்பர்கள் வந்தால் அதைக் காட்டிச் சிரிப்பாய். டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி, நீ ஸ்கூலில் படித்தபோது வாங்கிய டேபிள் ஃபேன் பெட்டி எல்லாம் அங்கே இருந்தன. இது நம் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை, குவார்ட்டர்ஸில் எந்த வீட்டு லாஃப்டைப் பார்த்தாலும் இதே கதைதான். இந்த வீடு நம்முடையது இல்லை, ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற நினைப்போடுதான் இங்கே எல்லோரும் குடித்தனம் வைத்தோம். அதனால் எதை வாங்கினாலும் காலி செய்யும் நாளுக்கு ஆகும் என்று பெட்டியை மடித்து மேலே போட்டுவிடுவோம். எதிர்வீட்டு வர்கீஸ் அங்கிள் காலி செய்தபோது அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் பெட்டியில் ஏறி நின்று நீ குதித்தது நினைவிருக்கிறதா? லாரி ரோட்டில் நின்றது. பிளாக்கில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கயிறு கட்டுபவர் ஒருவர், கண்ணாடிச் சாமானைப் பழைய புடவையில் சுற்றுபவர் ஒருவர், ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சுகிற பெண்கள் இரண்டு பேர். அந்த அங்கிள் லாரிக்காரரிடம், "பாத்து ஏத்துப்பா, ஃப்ரிட்ஜுக்கு வயசாயிடுச்சு, அதுவும் என்னோட ரிட்டையர் ஆவுது" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றாக இருந்துவிட்டு, ஒவ்வொருவராக அட்டைப்பெட்டியோடு கிளம்பிப் போகிற ஊர் இது. எனக்கும் அந்த நாள் தூரத்தில் இல்லை.

உன் கம்ப்யூட்டர் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன. மதர்போர்டு பெட்டி, கிராபிக்ஸ் கார்டு பெட்டி, எஸ்எம்பிஎஸ் பெட்டி, கூலர் பெட்டி. அவற்றைக் கீழே இறக்கித் தூசி தட்டும்போது சென்னைக்குப் போய்வந்த நாள் முழுவதும் கண்முன் வந்தது. நீ பிளஸ் டூ முடித்திருந்தாய். ஒரு மாதமாக எந்த பார்ட் எதோடு சேரும் என்று பேப்பரில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாய். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறினோம். கடைக்காரர் ஒருவர் வேறு மாடல் ஒன்றை எடுத்துக் காட்டி, "தம்பி, இது போதும், எதுக்கு அது" என்றார். "அண்ணா, இதுல பவர் கனெக்டர் ஒண்ணுதான் இருக்கு" என்று நீ சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பண்ருட்டி வழியாகத் திரும்பிய பஸ்ஸில் மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாய். கிராபிக்ஸ் கார்டு என் மடியில் இருந்தது. பஸ் ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் இரண்டு பேரும் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தோம். சொல்லிவைத்ததுபோல ஒரே நேரத்தில் தூக்கினோம். பண்ருட்டியில் ஏறிய முந்திரி வியாபாரி ஒருவர் ரொம்ப நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள இன்னா சார், கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். நீ அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய்.

இனி பிரித்த விதத்தை எழுதுகிறேன். நீ அதே வரிசையைப் பின்னாலிருந்து செய்ய வேண்டும். முதலில் எல்லா வயரையும் போட்டோ எடுத்தேன். அவற்றை உன் அம்மா உனக்கு அனுப்புவாள். அடுத்தது கூலர். உன் கூலர் ஒரு சின்னக் கோபுரம் மாதிரி. அதை போர்டிலேயே விட்டு அனுப்பினால் வழியில் விழுகிற ஒவ்வொரு குலுக்கலிலும் அதன் எடை போர்டை முறுக்கும். கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு வருஷம் சும்மா இருந்த மெஷினில், கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இறுகியிருக்கும். அப்படியே இழுத்தால் கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிக் கால்கள் வளைந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பேஸ்ட் இளகிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஆகவே பெட்ஷீட்டை எடுத்துவிட்டு அதை ஆன் செய்தேன்.

சும்மா ஓடினால் சூடேறாது. வேலை கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்று தேடியபோது நீ செய்த, மண் அள்ளும் சுரங்கச் சக்கரத்தின் அனிமேஷன் கண்ணில் பட்டது. அதைத் திறந்து, நீ எந்த இடத்தில் அழுத்துவாய் என்பது எனக்கு நினைவிருந்ததால், படமாக ஓட்டிக் காட்டும் ரெண்டரிங்கில் போட்டேன். நீ காலேஜில் இரண்டாவது வருஷம் படித்தபோது செய்தது. சக்கரத்தைச் சுற்றி வாளிகளை வரிசையாக மாட்டி, சுழலவிட்டு, "அப்பா, எப்படி?" என்றாய். வாளிகளின் பல் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "இப்படிச் சுத்தினா மண்ண அள்ளாதுடா, தடவிக் குடுக்கும்" என்றேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அப்புறம் தினமும் நான் ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கூப்பிடுவாய். வாளி கீழேயிருந்து மேலே அள்ள வேண்டும், உச்சியில் கொட்ட வேண்டும், அங்கேயிருந்து பெல்ட் எந்தப் பக்கம் போகும், டிரைவர் கேபின் எங்கே தொங்கும் என்று நான் சொல்லச் சொல்ல நீ மாற்றிக்கொண்டே வந்தாய். என் வேலையைப் பற்றி என்னிடம் யாரும் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்த அந்த மெஷினை, கையைத் தட்டி ரசித்துப் பார்த்தது உன் ஸ்கிரீனில்தான்.

ஃபேன் வேகம் எடுத்து இரைய ஆரம்பித்தது. உனக்கே தெரியும், அந்தச் சத்தம் அடுப்படி வரை போகும். உன் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்று, "வந்துட்டானா?" என்றாள். நாற்காலியில் என்னைப் பார்த்தாள். "ஓ, நீங்களா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். சக்கரம் முழுதாகச் சுற்றி முடியும் வரை இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்குவதற்காகப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டுக் கூலரை மெதுவாக இடமும் வலமுமாகத் திருகினேன். வெண்ணெயிலிருந்து உருவிய கத்தி மாதிரி கழன்று வந்தது. பிராசஸர் அதன் இடத்திலேயே இருக்கிறது, கொக்கி போட்டபடி. அதை நீ கழற்ற வேண்டாம்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கை அழுத்திக்கொண்டு நேராக மேலே எடுத்தேன். எடுப்பதற்கு முன் கையை ஜன்னல் கம்பியில் வைத்து எடுத்தேன். உடம்பில் இருக்கிற நிலை மின்சாரம் நமக்குத் தெரியாது, கார்டுக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்காகத்தான் இந்தப் பொருள்கள் கடையில் வெள்ளி நிறப் பையில் வருகின்றன. தெர்மகோலும் சாதாரண பிளாஸ்டிக்கும் உரச உரச மின்சாரம் சேர்க்கும். அவற்றில் நேராகச் சுற்றினால் கார்டு பார்க்க அப்படியே இருக்கும், உயிர் இருக்காது. முதலில் வெள்ளிப் பை, அதற்கு வெளியேதான் மற்றதெல்லாம். மதர்போர்டு பெட்டியில் அதன் பை இருந்தது. கிராபிக்ஸ் கார்டு பெட்டியைத் திறந்தேன். வார்த்து எடுத்த ஃபோம் இருந்தது, புத்தகம் இருந்தது, பையைக் காணவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அடுப்படி ஷெல்ஃபிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வெங்காய வடகம்.

"நல்லா தடியா இருந்துச்சு, காத்துப் போவாதுன்னு போட்டு வச்சேன். ஆறு மாசமா மொறுமொறுன்னு கீது, வேணும்னா பாருங்க."

"இது கம்ப்யூட்டர் பைன்னு தெரியலயா? மேல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கு பார், கையைக் குறுக்கே அடிச்சு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஸ்டிக்கரை நிதானமாகப் பார்த்தாள். "கை வெக்காதன்னுதான் போட்டிருக்குது. வடகம் வெக்காதன்னு போடலயே."

பையை மோந்து பார்த்தேன். எண்ணெயும் உப்பும் ஏறியிருந்தது. துடைத்தாலும் பயன்படாது. கம்பெனி ஸ்டோரிலிருந்து எடுத்து வருவது என் வழக்கம் இல்லை. ஆன்லைனில் போட்டால் வந்து சேர நாளாகும், உனக்கு வேலை தொடங்க வேண்டும் என்று உன் அம்மா காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இந்தப் பை இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். தனசேகர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாரே, அங்கே. நீ பிளஸ் ஒன்னிலிருந்து "தனா அங்கிள், தனா அங்கிள்" என்று போய் உட்கார்ந்திருந்த கடை. வெளிநாட்டு டிரெய்னிங் போனதற்குக்கூட நான் அவரிடம் பேச்சை நிறுத்தவில்லை. உன்னைப் புனேவுக்குப் போகச் சொன்னவர் அவர் என்று கேள்விப்பட்ட நாளில்தான் நிறுத்தினேன்.

அரை மணி நேரம் யோசித்துவிட்டுச் சட்டையைப் போட்டேன். கடையில் கன்வேயர் பெல்ட் துண்டு விரித்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ சால்டர் செய்துகொண்டிருந்தார். ஒரு அம்மாள் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார், வாங்க. கடை அட்ரஸ் இன்னிக்குத்தான் கெடச்சுதா?" என்றார் தனசேகர்.

"ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பை ஒண்ணு வேணும். பெரிசு."

"கதிர் மெஷினுக்கா?"

அவர் எழுந்து அலமாரியைத் துழாவிக்கொண்டே, "அப்ப அனுப்பற. நல்லது. அப்பாகிட்டயே கேளுடான்னு சொன்னேன். அம்மாகிட்டதான் கேப்பேன்னுட்டான். வேற எப்பிடி இருப்பான், உன் புள்ளதானே" என்றார்.

உன்னோடு அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "நீதானே அவனைப் போகச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஆமா. சொன்னேன்." ஒரு பையை விளக்கில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். "இன்னிக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

"உனக்கு யாருய்யா அந்த உரிமை குடுத்தது?"

"அவன்தான். கேட்டானே."

"என்கிட்ட கேக்கலயே."

"யோவ், நீ பதிலக் கையில வச்சிகினு உக்காந்திருக்கற ஆளு. உங்கிட்ட எவன்யா கேப்பான்?"

பிரிண்டர் அம்மாள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். படி இறங்கும்போது, "கூலரக் கழட்டிட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்டார். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். "கேட்டேன்யா" என்று சிரித்தார். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பை நல்ல பை. ஆனால் பதிலைக் கையில் வைத்திருக்கிற ஆள் என்று அவர் சொன்ன அந்த வாக்கியம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு டவுன்ஷிப் ஆர்ச் வரை வந்தது. வழியெல்லாம் அதற்கு ஒரு பதில் தேடினேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தபோது நிறுத்திவிட்டேன்.

கார்டு இப்போது அந்தப் பையில், பை அதன் சொந்த ஃபோமில், ஃபோம் அதன் சொந்தப் பெட்டியில் இருக்கிறது. மதர்போர்டும் அப்படியே. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து இங்கே வைத்துக்கொண்டேன். டிஸ்க் வழியில் போனாலும் உன் வேலைகள் போகாது. கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் கனமானது, அது மற்றவற்றின்மேல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் அடியில், தனிச் சுவர் வைத்து. ஸ்க்ரூக்களைச் சின்னக் கவர்களில் போட்டு எது எதற்கு என்று எழுதியிருக்கிறேன். இந்தப் பெட்டிகள் எல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குள், எந்தப் பக்கம் விழுந்தாலும் நான்கு விரல் கனத்துக்கு ஃபோம் இருக்கும்படி. அந்த இடைவெளியைப் பார்த்ததும் உன் அம்மாவுக்குக் கை பரபரத்தது.

"இவ்ளோ எடம் சும்மாதான கெடக்குது. பஞ்சத் திணிக்கறதுக்கு முறுக்கத் திணிச்சா ஆவாதா? அவனுக்கு முந்திரி வறுத்து வச்சிகினு இருக்கேன்."

"அது சும்மா இடம் இல்ல. அடியை வாங்கிக்கற இடம்."

"முறுக்கும் வாங்கிக்கும்."

"எண்ணெய் இறங்கும். எறும்பு வரும். புனே போறதுக்குள்ள மதர்போர்டுல புத்து கட்டிடும்."

முந்திரியும் முறுக்கும் தனிப் பார்சலாக வருகின்றன. முறுக்கு தூளாக வந்தால் என்னைக் கேட்காதே, அதை அவளே கட்டினாள். பெரிய பெட்டியை ஒட்டுவதற்கு முன் தூக்கிக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒன்றும் நகரவில்லை. நான்கு பக்கமும் "கவனம், உடையும் பொருள்" என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாள் உன் அம்மா. ஒட்டியிருக்கிறேன், அவளுக்காக. அதைப் படித்துவிட்டு மெதுவாக வைக்கிற கையை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நம் பெட்டியையும் தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்துத்தான் கட்ட வேண்டும். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு வழக்கமாகச் சொல்கிற புத்திமதிகளை நீ போனபோது நான் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று பார்த்தால், என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உலகம் பார்த்துக் கையாளும் என்று நம்பி எதையும் அனுப்பாதே. உன்னையும்.

உன் கேபினெட் வெறுங்கூடாக மேஜைமேலேயே இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்கலாமா என்று உன் அம்மா கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

இப்போது மாலை. டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தாளை மேல் ஃபோமுக்கு அடியில் வைத்துப் பெட்டியை ஒட்டிவிட்டு, நாளைக் காலையில் மந்தாரக்குப்பம் கூரியர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். முகவரிச் சீட்டை அவர்கள் நேற்றே கொடுத்தார்கள், எழுதிக்கொண்டு வரச் சொல்லி. உன் பெயர், உன் புனே முகவரி, மாடி எண் எல்லாம் உன் அம்மா சொல்ல நான் எழுதினேன். பெறுபவர் போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரை எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது அவன் நம்பர் இல்லியே."

"தெரியும்."

"பார்சல்காரன் உங்களுக்கில்ல போன் பண்ணுவான்? அங்க அவன் வாசல்ல நின்னுகினு?"

"பண்ணட்டும். நான் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கிறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவன் எடுக்கலன்னா?"

நான் சீட்டை மடித்து வைத்தேன். "பொட்டி திரும்பி வந்துச்சுன்னா நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது நடக்கலாம். உன் போனில் என் பெயர் வரும்போது நீ வேலையில் இருக்கலாம், எடுக்க மனம் இல்லாமலும் இருக்கலாம். பார்சல்காரர் எவ்வளவு நேரம் நிற்பார்? பெட்டி நெய்வேலிக்கே திரும்பி வரும். நானே ஒட்டிய டேப்பை நானே கிழித்து, நானே எழுதிய இந்தத் தாளை நானே எடுத்துப் படிக்க வேண்டியதுதான். நீ எடுத்தாலும், பார்சல் வந்திருக்கிறது, கீழே போய் வாங்கிக்கொள் என்பதைத் தாண்டி என் வாயிலிருந்து எதுவும் வராது. என்ன பேசுவது என்று நான் இன்னும் யோசித்து வைக்கவில்லை. வேண்டுமென்றே யோசிக்கவில்லை.

ஆனால் இந்த வரியை இப்போது நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், என் போனை எடுத்திருக்கிறாய்.

சரி. பழைய பேஸ்ட்டை மெல்லிய துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை வை. கூலரை மாட்டும்போது போர்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். யாராவது இருந்தால் கூப்பிட்டுக்கொள். இல்லையென்றால் என்னைக் கூப்பிடு, எப்படிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்பா